சமரசம் பேச உட்காரும் முன்

சண்டையில் இருக்கும் இருவரை எதிரெதிரே உட்கார வைத்து, "கோபப்படாமல் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள்" என்று ஆரம்பிப்பதுதான் நம்மில் பலருக்குத் தெரிந்த சமரச முறை. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் பணியாளர் நலப் பிரிவிலும், அதற்குப் பிறகு அவிநாசி, பல்லடம் பக்கத்துக் கிராமங்களில் சட்டத் தன்னார்வலராகவும் இப்படிப்பட்ட பேச்சுகளில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். மனதில் இருப்பதைச் சொல்ல எல்லோரும் ஒரே விலை கொடுப்பதில்லை என்பது எனக்கு அங்கேதான் உறுதியாயிற்று. மேலாளர் பேசிவிட்டுத் தன் அறைக்குத் திரும்பிப் போகலாம். தைக்கிறவர் பேசினால், சனிக்கிழமை சம்பளக் கவர் கைக்கு வருமா, திங்கட்கிழமை மிஷின் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டே பேச வேண்டும். தராசின் ஒரு தட்டில் ஏற்கெனவே கல் கிடக்கும்போது முள்ளை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பதை நடுநிலை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

நிறுவனத்தில் இருந்தபோது எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். மார்ஷல் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் உருவாக்கத் தொடங்கிய 'வன்முறையற்ற தொடர்பாடல்' முறை அது. பார்த்ததைப் பழி சேர்க்காமல் சொல்ல வேண்டும். அதனால் மனதில் எழுந்த உணர்வைச் சொல்ல வேண்டும். அந்த உணர்வுக்கு அடியில் இருக்கும் தேவையைச் சொல்ல வேண்டும். கடைசியாக ஒரு வேண்டுகோள் வைக்க வேண்டும். நல்ல முறைதான். நண்பர்களுக்குள்ளும் ஒரே நிலையில் வேலை பார்ப்பவர்களுக்குள்ளும் அது பலன் தருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பயிற்சி சூப்பர்வைசர்களுக்கும் அவர்களுக்கு மேலே உள்ளவர்களுக்கும் மட்டுமே நடந்தது. தையல் பிரிவிலிருந்து ஒருவரையும் கூப்பிடவில்லை.

அதன் விளைவு சில வாரங்களிலேயே ஒரு விசாரணையில் தெரிந்தது. ஓவர்லாக் மிஷினில் தைக்கும் ஒரு பெண்மணி, லைன் சூப்பர்வைசர் மீது புகார் கொடுத்திருந்தார். சூப்பர்வைசர் அழகாகப் பேசினார். "போன வாரம் ஆல்ட்ரேஷன் பீஸ், அதாவது பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியவை, அதிகம் வந்ததைக் கவனித்தேன். எனக்குக் கவலையாக இருந்தது. ஷிப்மெண்ட் தேதிக்குள் முடித்தாக வேண்டும். கொஞ்சம் கவனமாகத் தைக்க முடியுமா என்றுதான் கேட்கிறேன்." நான்கு படிகளும் ஒழுங்காக வந்துவிட்டன. அந்த அம்மா எழுந்து நின்று, குரல் உடைந்து, சத்தமாகச் சொன்னார்: "லைனில் எல்லோரும் பார்க்கப் பீஸைச் சுருட்டி என் முகத்தில் எறிந்தீர்களே, அதைச் சொல்லுங்கள் முதலில்." குறிப்பு எழுதிக்கொண்டிருந்த அலுவலர் 'தொழிலாளி உணர்ச்சிவசப்பட்டார், சூப்பர்வைசர் ஒத்துழைத்தார்' என்று எழுதியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எறிந்தவர் பக்குவமானவராகவும் எறி வாங்கியவர் கலகக்காரராகவும் ஏட்டில் பதிவாகிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வரியை அடிக்கச் சொல்லிவிட்டு, சூப்பர்வைசரிடம் நேராகக் கேட்டேன்: "பீஸை எறிந்தீர்களா?" அவர் என்னைப் பார்க்கவில்லை, மேலாளரைப் பார்த்தார். மேலாளர் மேசையில் இருந்த பேனாவைத் திருப்பிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, "டென்ஷனில் போட்டுவிட்டேன்" என்றார். உண்மையான பேச்சு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அன்றிலிருந்து நான் விடாமல் பிடித்துவரும் வழக்கம் இது: என்ன நடந்தது என்பது முதலில் மேசைக்கு வர வேண்டும், உணர்வுகள் அதற்குப் பிறகு. குரல் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மெதுவாகப் பேசுவதற்கு நல்ல மனம் மட்டும் போதாது. தன் சோற்றுக்கு ஆபத்தில்லை என்ற தெம்பும், இப்படிப்பட்ட அறைகளில் பேசிப் பழகிய வாயும் வேண்டும்.

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேச்சு பெரும்பாலும் மேலாளரின் குளிர்சாதன அறையில்தான் நடக்கும். பஞ்சுத் தூசி படிந்த புடவையோடு வருகிறவர், 'உட்காருங்கள்' என்று சொன்ன பிறகும் நாற்காலி நுனியில்தான் உட்காருவார். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு அந்த அரை மணி நேரம் கூலி இல்லாத நேரம். ஒன்றரை ஷிப்ட் முடிந்த பிறகு வைத்தால் கடைசி பஸ் போய்விடும், வீட்டில் பிள்ளை காத்திருக்கும். எதிரே இருப்பவருக்கோ பேசும் நேரமும் சம்பள நேரம். ஆகவே பேச்சு ஷிப்ட் நேரத்தில், பொதுவான ஓர் இடத்தில், அந்த நேரத்துக்குரிய கூலியைக் கொடுத்து நடக்க வேண்டும் என்று எழுதி வாங்கினேன். டீ வந்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரியான கப்பில் வர வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. மேலாளருக்குப் பீங்கான் கப்பும் எதிரே இருப்பவருக்குக் காகிதக் கப்பும் வந்தால் யார் யாருக்குச் சமம் என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

சட்டம் செய்தவர்களும் இந்தச் சமமின்மையை யோசித்திருக்கிறார்கள். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில், சமரச அதிகாரி முன் நடக்கும் பேச்சுக்கு எந்தத் தரப்பும் வழக்கறிஞரைக் கொண்டுவரக் கூடாது என்று இருந்தது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளும், புகார்க் குழுவின் முன் வழக்கறிஞரை அனுமதிப்பதில்லை. பெரிய வக்கீலை வைக்க வசதியுள்ளவர் கை ஓங்கிவிடக் கூடாது என்பதற்கு இந்த ஏற்பாடு உதவுகிறது. ஆனால் நடைமுறையில், நிறுவனத்தின் சார்பில் உட்காரும் பணியாளர் துறை மேலாளரே சட்டம் படித்தவராக இருப்பார். எனவே பொதுவான கூலித் தகராறு, நடத்தைத் தகராறு எதுவானாலும் தொழிலாளியின் பக்கத்தில் சங்கப் பிரதிநிதியோ, அவர் நம்பும் சக தொழிலாளியோ உட்கார வேண்டும். வாய் திறந்து எதுவும் பேசாவிட்டாலும் சரி, பக்கத்து நாற்காலியில் ஓர் ஆள் இருந்தால் பேசுகிறவர் முதுகு நிமிர்கிறது.

மேலே சொன்ன 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பத்தாவது பிரிவைப் பெண்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட பெண் தானாகக் கேட்டால் மட்டும்தான் சமரசம். பணம் கொடுத்து முடிப்பதை அந்தச் சமரசத்துக்கு அடிப்படையாக்கக் கூடாது. எங்கள் பக்கம் நடப்பது வேறு. விடுதியில் தங்கி மில்லில் வேலை பார்க்கும் பெண் புகார் கொடுத்த சில நாட்களில், அவளை வேலைக்குச் சேர்த்துவிட்ட ஏஜென்ட் சொந்த ஊரில் இருக்கும் அப்பாவைப் போய்ப் பார்ப்பார். அதற்கு அடுத்த நாள், 'நானே சமரசத்தை விரும்புகிறேன்' என்று அழகான அலுவலகக் கையெழுத்தில் ஒரு கடிதம் வரும். இப்படி ஒரு கடிதம் கையில் வந்தால் அந்தப் பெண்ணைத் தனியாக, விடுதி வார்டன்கூட இல்லாத இடத்தில் சந்தித்து, "எங்கே உட்கார்ந்து எழுதினாய்? பக்கத்தில் யார் இருந்தார்கள்?" என்று கேட்க வேண்டும். 'உன் விருப்பம்தானா' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். இடத்தையும் ஆளையும் கேட்டால் நடந்தது வெளியே வரும். பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் பவர்டேபிள் யூனிட்டாக (சிறு தையல் கூடமாக) இருந்தாலும், புகாரே முதலாளி மீதாக இருந்தாலும், மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவில் கொடுக்கலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இன்று எல்லா யூனிட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய தகராறில் மொழிபெயர்க்க வருகிறவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அவர்களை அழைத்துவந்த காண்ட்ராக்டராகத்தான் இருப்பார். அவர்களுடைய கூலி அவர் கை வழியாகத்தான் போகும், தகராறும் பாதி நேரம் அவரைப் பற்றியதுதான். பையன் நீளமாகப் பேசுவான், அவர் ஒரே வரியில், "ஒன்றும் பிரச்சினை இல்லை என்கிறான்" என்பார். வேறு லைனில் வேலை செய்யும், அந்தக் காண்ட்ராக்டரோடு கணக்கு வழக்கு இல்லாத ஒருவரைத் தேடிப் பிடித்த பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும்.

கிராமத்துக்கு வருகிறேன். நான் நிலமுள்ள குடும்பத்தில், இந்த வட்டாரத்தில் பலம் உள்ள சாதியில் பிறந்தவள். ஒரு ஊருக்குள் போய் உட்கார்ந்ததும் பெரியவர் ஒருவர் அன்போடு கேட்பார்: "அம்மணி எந்தக் கூட்டம்?" சாதிக்குள் எந்தக் குலப் பிரிவு என்பதுதான் கேள்வி. பதில் சொன்ன மறுநிமிடம் உறவுமுறை கண்டுபிடித்து, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார். எதிரே நிற்கும் காலனிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகு நான் எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் அவருக்கு அது நியாயமாகக் கேட்காது. அதில் தவறும் இல்லை. இதற்கு நான் கண்ட வழி, என்னோடு வேலை செய்யும், காலனியில் பிறந்த இன்னொரு தன்னார்வலரைக் கூட அழைத்துப்போய், அவரையே பேச்சைத் தொடங்க வைப்பது. கூட்டம் பற்றிய கேள்விக்கு, "இன்று சட்டப் பணிகள் குழுவிலிருந்து வந்திருக்கிறேன், அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிடுவேன். சிலருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும். மரியாதையான பேச்சுக்குப் பெயர் வாங்கியவர்கள் நாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக்கூட 'வாங்க, போங்க' என்கிறோம். அதே வாயால் அறுபது வயது மனிதரை, அவர் பிறந்த தெருவைப் பார்த்துப் பெயர் சொல்லி 'வா, போ' என்று அழைப்பதை இன்றும் கேட்கிறேன். நான் உட்காரும் பேச்சில் எல்லோரும் 'நீங்கள்', எல்லோருக்கும் நாற்காலி. இதை ஒப்புக்கொண்ட பிறகே விஷயத்துக்குப் போவோம்.

பங்காளிகளுக்குள் நடக்கும் கிணற்றுச் சண்டை ஒன்று எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. பாகம் பிரித்த தோட்டம், கிணறு மட்டும் பொது. மின் இணைப்பு மூத்தவர் பெயரில். இளையவர் இறந்துபோனார், அவருடைய மனைவிக்குச் சின்னப் பிள்ளைகள். மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த காலம் அது. அந்த அம்மாவின் தண்ணீர் முறை தொடர்ந்து ராத்திரியில்தான் விழுந்தது. இருட்டில் இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவே போகும் குறுகிய பாதை) வழியாகத் தனியாகப் போய் மோட்டார் போட அவரால் முடியாது, பயிர் காய்ந்தது. பேச்சு மூத்தவர் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், ஏற்பாடாகியிருந்தது. ஆண்கள் கட்டிலிலும் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா உள் வாசல்படிக்குப் பின்னால் நின்றார். எதைக் கேட்டாலும் மூத்தவர், "அவள் என்ன சொல்லப்போகிறாள், நாங்கள் சொல்வதுதான்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, உரிமையோடு, பாசத்தோடுகூடச் சொன்னார். அதுதான் உடைப்பதற்குக் கடினமாக இருந்தது.

எல்லோரும் கிணற்றுக்குப் போய்ப் பேசலாம் என்று நாங்கள் சொன்னோம். தோட்டத்துக்குள் கால் வைத்ததும் அந்த அம்மா முன்னால் நடக்க ஆரம்பித்தார். கேட் வால்வு எங்கே கசிகிறது, தன் பாகத்தின் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது, எந்தெந்த இரவில் மோட்டார் பாதியில் நின்றது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பிள்ளையின் பழைய நோட்டில் தேதி போட்டுக் குறித்தும் வைத்திருந்தார். மூத்தவருக்குப் பாதி விஷயம் தெரியவில்லை. அவர் தோட்டத்தை ஆள் வைத்துப் பார்ப்பவர். தான் நன்றாக அறிந்த பொருளுக்குப் பக்கத்தில் நிற்கும்போது, ஆசாரத்தில் வாய் திறக்காத பெண்ணுக்குப் பேச்சு தானாக வந்தது. முறையை வாரத்துக்கு ஒரு தடவை பகலும் இரவுமாக மாற்றிக்கொள்வது, ஸ்டார்ட்டர் பெட்டிக்கு இரண்டாவது சாவி செய்து அந்த அம்மாவிடம் கொடுப்பது, பழுதுச் செலவைப் பாகப்படி பிரிப்பது என்று முடிந்தது. அந்த இரண்டாவது சாவிக்குத்தான் மூத்தவர் கடைசி நேரம் வரை சம்மதிக்காமல் இழுத்தார். நாங்களும் அதை விடவில்லை. எவருக்கு எது கொடுக்க மனம் வரவில்லையோ, அதில்தான் அவருடைய பிடி இருக்கிறது. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான வட்டாரம் இது. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்ததற்குப் பின்னால் அந்தப் போராட்டங்கள் இருக்கின்றன. அந்த மின்சாரம் வீட்டுக்குள்ளேயே ஒரு பெண்ணுக்கு எட்டாமல் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரம் வாங்கும் பேச்சும் இந்த வகைதான். தமிழ்நாட்டில் 1989இல், நாடு முழுக்க 2005இல், மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. "சீர் செய்தாகிவிட்டதே" என்ற பேச்சு இன்னும் போகவில்லை. கூட்டாகப் பேசும் முன், ஒவ்வொருவரிடமும் தனியாக, "இன்று பேச்சு முறிந்தால் உங்களுக்கு என்ன ஆகும்?" என்று நான் கேட்பேன். ஒரு வீட்டில் அண்ணன், "கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்" என்றார். தங்கை, "என் மகள் கல்யாணத்தில் மாமன் சீருக்கு யார் வந்து நிற்பார்கள்?" என்றார். யாருக்கு எவ்வளவு இழப்பு என்பதற்கு வேறு கணக்கே வேண்டாம். சொத்தை விட உறவு பெரிது என்று அவர் நினைத்தால் அது அவருடைய முடிவு, அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் அந்தப் பயம் சொல்லப்படாமலே வேலை செய்யக் கூடாது. அந்த அம்மாவின் அனுமதியோடு, பெரியவர்கள் முன்னால் அண்ணனிடம் கேட்டேன்: "கையெழுத்துப் போடாவிட்டாலும் சீருக்கு வருவீர்களா?" ஊர் பார்க்க வரமாட்டேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. முழுப் பங்கு கிடைக்கவில்லை. விலை பேசி, பணம் வங்கிக் கணக்கில் விழுந்த பிறகு பத்திரத்தில் கையெழுத்தானது.

பேசவே உட்காரக் கூடாத விஷயங்களும் உண்டு. சாதியின் பெயரால் அடி விழுந்த இடத்தில், "ஊர் ஒற்றுமை கெட வேண்டாம், பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று அழைப்பு வந்தால் நான் போவதில்லை. அடி வாங்கியவர் நாளைக்கு வேலைக்குப் போக வேண்டியது அடித்தவருடைய தோட்டத்துக்கோ, அவர் பங்காளி தோட்டத்துக்கோதான். அந்த நிலையில் அவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எழுதுவது அநியாயம். கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லிவிட்டது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கேட்கும் உரிமையைப் பின்னர் வந்த திருத்தம் அதில் சேர்த்திருக்கிறது. அப்போது நம் வேலை, அவரோடு காவல் நிலையம் வரை போய், புகாருக்கு ரசீது வாங்கும் வரை கூட நிற்பது.

பேசி முடிந்த பிறகு எழுதுவது யார், காகிதம் யார் கையில் என்பதையும் கவனிக்க வேண்டும். சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கூலி உயர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகியும் கைக்கு வராமல், சட்டப் பாதுகாப்போடு கூடிய ஒப்பந்தம் கேட்டுத் தறிகளை நிறுத்தியவர்கள் அவர்கள். எங்கள் பேச்சில், எழுதியதை எழுத்துத் தெரியாதவருக்காகச் சத்தமாக இரண்டு முறை படிப்போம். பிரதி இருவருக்கும் உண்டு. மீறினால் என்ன என்பது அதே தாளில் இருக்கும். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடித்துக்கொள்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அங்கே வரும் தீர்ப்புக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு, மேல்முறையீடு கிடையாது. புரியாமல் கையெழுத்துப் போட வேண்டாம், ஒரு நாள் அவகாசம் கேளுங்கள்.

கையெழுத்தான பிறகு வரும் வாரங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பழிவாங்கல் சத்தமில்லாமல் வரும்: நல்ல மிஷினிலிருந்து பழைய மிஷினுக்கு மாற்றம், ஓவர்டைம் பட்டியலில் பெயர் இல்லாமை, தண்ணீர் முறை அன்று மட்டும் பியூஸ் போவது. அதனால் ஒப்பந்தத்திலேயே மறுபடி கூடும் தேதியைப் போட்டுவிடுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, தொழிலாளர்களும் அதில் வருகிறார்கள். வட்ட அளவில் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். போகும்போது நம்பிக்கையான ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள், மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.